மண்ணிவாக்கத்தில் வீடு பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வாசுகி_தாம்பரம் | வியாழன், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

தாம்பரம் பக்கத்தில் 11 வருடத்தில் 4 வாடகை வீடு மாறிவிட்டோம். இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகை 14,000. உரிமையாளர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், ஏப்ரலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகள் 7-ஆம் வகுப்பு. போன வீட்டில் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தன் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். காலி செய்யும்போது அதன் மேல் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றைக்கே சொந்த வீடு என்று முடிவு செய்துவிட்டேன்.

கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் குரோம்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 92,000. வங்கியில் 9 லட்சம் இருக்கிறது. நகையை விற்றால் 4 லட்சம் தேறும்.

வீடு மண்ணிவாக்கத்தில். 1,000 சதுர அடி மனை, இரண்டு படுக்கையறை, கட்டி 12 வருடம். கிணற்றுத் தண்ணீர் இனிப்பாக இருக்கிறது. 62 சொன்னார்கள், 58-க்கு இறங்கியிருக்கிறார்கள். பத்திரமும் பட்டாவும் விற்பவரின் அப்பா பெயரில் இருக்கின்றன. அவர் 2019-ல் தவறிவிட்டார். அம்மா அந்த வீட்டிலேயே இருக்கிறார். ஒரு தங்கை திருப்பூரில் இருக்கிறாராம். "கல்யாணத்துக்கு 40 பவுன் போட்டாச்சு, அவள் எதுவும் கேட்கமாட்டாள்" என்கிறார். எங்களிடம் காட்டியது ஜெராக்ஸ் மட்டும்தான். பத்திரத்தில் 40 லட்சம் போட்டுக்கொள்ளலாம், மீதி 18 கையில் கொடுங்கள் என்றும் சொல்கிறார்.

ஞாயிறு காலை 5 லட்சம் கொடுக்காவிட்டால் வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறதாம். புரோக்கர் ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் செய்கிறார். என்ன செய்வது?


எதிர்க்கடை_பத்திரம் | வியாழன், இரவு 11.15

கொடுக்காதீர்கள் அம்மா. 5 லட்சம் மட்டுமில்லை, 5,000 கூட வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் 22 வருடமாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் விரிவாக எழுதுகிறேன். அதுவரை புரோக்கர் போனை எடுக்க வேண்டாம்.


கூடுவாஞ்சேரி_73 | வியாழன், இரவு 11.50

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அந்தப் பேப்பர் இந்தப் பேப்பர் என்று பயந்து பயந்தே மூன்று வருடத்தை விட்டவன் நான். 2020-ல் 45-க்குக் கேட்ட வீட்டை இப்போது 70 சொல்கிறார்கள். இந்தப் பக்கம் எந்த வீட்டில்தான் ஒரு சிக்கல் இல்லை? 50,000 டோக்கன் கொடுத்து, "பேப்பர் சரியில்லையென்றால் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடு கையை விட்டுப் போகாது.


எதிர்க்கடை_பத்திரம் | வெள்ளி, காலை 7.20

கூடுவாஞ்சேரி தம்பி சொல்லும் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொடுத்த டோக்கனைத் திருப்பி வாங்க அலைகிறவர்களை வாரம் ஒருவராவது என் கடையில் பார்க்கிறேன். எழுதிக் கொடுத்தவர் "செலவாகிவிட்டது, வேறு ஆள் வந்ததும் தருகிறேன்" என்பார். 50,000 ரூபாய்க்காக யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

வாசுகி அம்மா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்து வாரிசுச் சட்டப்படி அவர் கண்ணை மூடிய அன்றே மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு வந்துவிட்டது. இறந்தவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அப்படியானால் உங்களிடம் விலை பேசுகிறவருக்குச் சொந்தம் மூன்றில் ஒன்றுதான். பூர்வீகச் சொத்து என்றாலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் பங்குதாரர். திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

40 பவுன் போட்டது சீர். அதற்காகப் பங்கு போகாது. தங்கை தன் பாகத்தை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கிரயப் பத்திரத்தில் அண்ணனோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கும் இதேதான். அந்த வீட்டுக்குள் இருக்கிற அம்மாவைப் பற்றி விற்பவர் ஒரு வார்த்தை பேசவில்லை பார்த்தீர்களா? முதல் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

போன மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார். பிளாஸ்டிக் கவரில் இருந்து பேப்பரை ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் வைத்தார். வாரிசுச் சான்றிதழில் 4 பெயர். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் 3 கையெழுத்து. நாலாவது பெயர் மூத்த மகள். பத்திரம் எழுதிய அன்று அவர் பிரசவத்துக்குப் போயிருந்தாராம், "அப்புறம் வந்து போடுவாள்" என்றார்களாம். இப்போது அந்தப் பெண் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு ஆறாவது வருடம் நடக்கிறது. விற்கவும் முடியவில்லை, மேலே ஒரு மாடி கட்டக் கடன் வாங்கவும் முடியவில்லை. கையெழுத்து இல்லாத அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த விரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இரவே கொடுக்காதீர்கள் என்று எழுதினேன்.

இப்போது என்ன செய்யலாம் என்றால், வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அது தாசில்தார் அலுவலகம் கொடுப்பது. அதில் எத்தனை பெயரோ அத்தனை கையெழுத்து. பிள்ளைகளில் யாராவது அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளையும் விசாரிக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். தங்கை வர முடியாது, தனக்காகக் கையெழுத்துப் போட அண்ணனுக்குப் பவர் கொடுக்கிறார் என்றால் அது பதிந்த பவராக இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஜெராக்ஸை நம்பாதீர்கள். பத்திர எண், வருடம் இரண்டையும் குறித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அதை ஒரிஜினலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அந்தப் பத்திரத்துக்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும் வேண்டும். வில்லங்கச் சான்றை, அதாவது இ.சி.யை, பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். 30 வருடத்துக்காவது பாருங்கள். உட்பிரிவு ஆன நிலம் என்றால் பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். புது எண்ணுக்கு மட்டும் போட்டுவிட்டு "வில்லங்கமே இல்லை" என்று சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய.

இன்னொன்று. இ.சி. என்பது பதிவு அலுவலகத்துக்குள் வந்துபோனவற்றின் பட்டியல். அங்கே வராதது அதில் இருக்காது. பதியாத உயில், வாய்ப்பேச்சில் கொடுத்த குத்தகை, அண்ணன் தங்கை மனத்தாங்கல் எதுவும் அதில் ஏறாது.


வாசுகி_தாம்பரம் | வெள்ளி, காலை 9.05

படித்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன், வேலை ஓடவில்லை. நன்றி அண்ணா. தங்கையின் நம்பர் என்னிடம் இல்லை. விற்பவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கிறது.


எதிர்க்கடை_பத்திரம் | வெள்ளி, காலை 9.20

கூச்சமே வேண்டாம். "லோன் போடப் போகிறோம், வங்கி வக்கீல் எல்லா வாரிசுகளோடும் பேசச் சொல்கிறார்" என்று கேளுங்கள். உண்மையும் அதுதான். எல்லாருடைய கையெழுத்தும் இல்லாமல் வங்கி வக்கீல் ஒப்புக்கொள்ள மாட்டார். நேர்மையாக விற்பவர் நம்பரை உடனே கொடுப்பார்.


ரிட்டயர்டு_மேனேஜர் | வெள்ளி, பகல் 12.30

30 வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடன் பிரிவில்தான் பாதி காலம். காகிதம் பற்றி மேலே இருப்பவர் சொல்லிவிட்டார், நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். வாசுகியம்மா கணக்கு எழுதுகிறவர், ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

முதலில் அந்த 40, 18 விவகாரம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. பத்திரத்தில் 40 என்று இருந்தால் கடன் 32 லட்சத்தைத் தாண்டாது. மீதி 8 லட்சம், அதோடு கையில் கேட்கும் 18 லட்சம், ஆக 26 லட்சம் உங்கள் சொந்தப் பணமாக வேண்டும். உங்களிடம் இருப்பது 13. கறுப்பில் கொடுத்தால் பதிவுச் செலவு மிச்சம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். மிச்சமாவது ஒன்றரை லட்சம், புரட்ட வேண்டியது பல லட்சம். போதாததற்கு, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. பேரம் முறிந்தால் அந்த 18-ஐ எந்த ஆதாரத்தை வைத்துக் கேட்பீர்கள்? பின்னாளில் நீங்கள் விற்கும்போதும் வாங்கிய விலை 40 என்றே கணக்காகும், லாபம் பெரிதாகத் தெரியும், வரி உங்கள் தலையில் விழும்.

சரி, 58-ஐ முழுதாகப் பத்திரத்தில் காட்டி வாங்கினால்? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதுவே 5,22,000. அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு பத்திர விலையை விடக் கூடுதலாக இருந்தால் அதன் மேல் கட்ட வேண்டும், அதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். வங்கி 80 சதவீதம் கொடுத்தால் 46.4 லட்சம். உங்கள் பங்கு 11.6 லட்சம். வக்கீல், வங்கிக் கட்டணம், புரோக்கர், மின் இணைப்புப் பெயர் மாற்றம், சாமான் ஏற்றி இறக்குவது, பெயின்ட் எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஒன்றரை லட்சம். மொத்தம் 18 லட்சத்துக்கு மேல். இதிலும் 5 லட்சம் இடிக்கிறது. அந்த 5-ஐ எல்லோரும் தனிநபர் கடனில் எடுப்பார்கள். அங்கேதான் குடும்பங்கள் மூச்சு முட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வட்டி எட்டரை சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். 46.4 லட்சத்துக்கு 40,000-க்கு மேல். 92,000 சம்பளத்தில் அது 44 சதவீதம். ஒருவருக்கு வேலை போனாலும் போச்சு. வங்கி கொடுக்கிறேன் என்று சொல்வது உங்களால் தாங்க முடியும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

என் கணக்கில் உங்கள் எல்லை 42 லட்சம். கடன் 33.6. தவணை சுமார் 29,160. உங்கள் பங்கு 8.4, பதிவுக்கு 3.78, சில்லறைச் செலவு 1 லட்சம், ஆக 13.2. கையில் இருக்கும் 13-ம் ஏறக்குறைய அதோடு முடிந்துவிடுகிறது, அவசரத்துக்கு ஒரு பைசா மிச்சமில்லை. அதனால் இந்த மாதத்திலிருந்தே தவணை கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 29,160-ல் வாடகை 14,000 போக 15,160-ஐ மாதாமாதம் தனியாக ஒரு ஆர்.டி.யில் (வங்கித் தொடர் வைப்பில்) போடுங்கள். ஆறு மாதம் அது பிசகாமல் நடந்தால் இந்தக் கடன் உங்களுக்குச் சரிவரும். இரண்டாவது மாதமே கை கடித்தால், வீடு வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டதே என்று நிம்மதிப்படலாம். ஆர்.டி. பணம் அவசரத்துக்கும் ஆகும்.

33.6 லட்சத்துக்கு முதல் மாதத் தவணையில் 23,800 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 5,360 மட்டும். 20 வருடமும் அப்படியே கட்டினால் மொத்தம் 70 லட்சம். போனஸ், நகைச்சீட்டு எது வந்தாலும் ஆரம்ப வருடங்களில் அசலில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபர்களுக்கு அபராதம் கிடையாது.


கூடுவாஞ்சேரி_73 | வெள்ளி, பகல் 1.10

பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்கிறார்களே சார்?


ரிட்டயர்டு_மேனேஜர் | வெள்ளி, பகல் 1.25

2025 ஏப்ரல் முதல் அந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் 10 லட்சம் மதிப்பு வரையான சொத்துக்குத்தான். இவர்களுக்குப் பொருந்தாது. இருந்தாலும் இருவர் பெயரிலும் பதியுங்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேர் உழைப்பு அது.


வரதராஜபுரம்_அக்கா | வெள்ளி, மாலை 6.45

வாசுகி, நீங்கள் வீட்டை எந்த மாதம் பார்த்தீர்கள்? இந்த வெயிலில் என்றால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள்.

நாங்கள் 2013 மே மாதம் வாங்கினோம். அகலத் தெரு, வேப்ப மரம், கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு. 2015 டிசம்பர் 1 இரவு வாசல்படியில் தண்ணீர் வந்தது. விடியற்காலையில் மார்பளவு. மாமியாரைக் கட்டிலோடு தூக்கி மொட்டை மாடிக்குப் போனோம். படகு வந்தது. எல்லாம் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால் வீட்டுப் பத்திரம் ஒரே கட்டியாகச் சேறு. நகல் எடுக்கத்தான் எதிர்க்கடை அண்ணன் மாதிரி ஒருவரிடம் முதன்முதலில் போனேன்.

அடையாறு ஆதனூர்ப் பக்கம்தான் தொடங்குகிறது. அங்கிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், எங்கள் ஊர் என்று வருகிறது. அதற்காக மண்ணிவாக்கம் முழுதும் மூழ்கும் என்று சொல்லமாட்டேன். தெருவுக்குத் தெரு வித்தியாசம். ஒரு தெருவில் முழங்கால் நனையாது, அடுத்த தெருவில் கார் மிதக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அப்படித்தான்.

வீட்டுக்காரர் "இங்கே தண்ணீரே நிற்காது" என்றுதான் சொல்வார். அவரிடம் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், பால் போடுகிறவரிடம் கேளுங்கள். பக்கத்து வீடுகளில் மோட்டாரை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பிளக் பாயின்ட் எல்லாம் ஆளுயரத்தில் இருந்தால் அந்தத் தெரு அடிபட்ட தெரு. வீட்டுக்குள் புதுப் பெயின்ட் ஒரு அளவு வரை மட்டும் அடித்திருக்கிறதா, கதவு நிலையின் அடிப்பாகம் ஊறிப்போய்த் தட்டினால் பொத்பொத்தென்று கேட்கிறதா, பீரோ கால் துருவேறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ரோடு வீட்டுத் தரையை விட மேலே இருந்தால் நன்றாக யோசியுங்கள். ரோடு ஒவ்வொரு தடவை போடும்போதும் ஏறும், வீடு ஏறாது.

எங்கள் ஃபிரிட்ஜ் இன்றைக்கும் மூன்றடி மேடைமேல்தான் நிற்கிறது.


சங்கிலி_சர்வே | வெள்ளி, இரவு 9.30

இரண்டே விஷயம். ஒன்று, 12 வருட வீடு என்றால் மனை எப்போது பிரித்தது, யார் அங்கீகரித்தது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று விற்றவை ஏராளம். மனைப்பிரிவை அங்கீகரிக்க வேண்டியது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. 2017-ல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அந்த வகை மனை என்றால் வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டட வரைபடத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பது தனிக் கேள்வி.

இரண்டு, அளந்து பாருங்கள். போன வாரம் 25-க்கு 40 என்று பத்திரம் சொன்ன மனையில் டேப் வைத்தேன். முன்பக்கம் 24 அடிதான் வந்தது. பக்கத்துக்காரர் சுவர் ஒரு அடி உள்ளே வந்திருக்கிறது. 40 சதுர அடி காணோம். சதுர அடி 3,500 என்றாலும் 1,40,000 ரூபாய். நில அளவை வரைபடமும் அ-பதிவேடும் வருவாய்த்துறை இணையதளத்தில் கிடைக்கும். சர்வே எண்ணுக்கு நேராக வாய்க்கால், ஓடை, மேய்க்கால் என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.


புது_அப்பார்ட்மென்ட் | சனி, காலை 8.00

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் பார்க்கிறோம். எங்களுக்கும் இதேதானா?


ரிட்டயர்டு_மேனேஜர் | சனி, காலை 8.40

நிலத்தின் மூலப்பத்திரங்களுக்கு இதேதான். கூடுதலாக, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை அதன் தளத்தில் போட்டுப் பார்த்து, எப்போது முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று எழுத்தில் வாங்குங்கள். 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டின் முதல் விற்பனையை நிலம், கட்டடம் சேர்த்து ஒரே மதிப்பில் பதிகிறார்கள். 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7. வேலை முடியாத கட்டடத்துக்கு ஜி.எஸ்.டி. தனி. மற்றதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், இது வாசுகியம்மாவின் இழை.


வாசுகி_தாம்பரம் | ஞாயிறு, இரவு 9.15

எல்லோரும் காத்திருப்பீர்கள் என்று தெரியும். அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

நேற்று மாலை நம்பர் கேட்டேன். "அதெல்லாம் எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இரண்டு தடவை தட்டிக் கழித்தார். இன்று காலை நேரில் போனோம். அவர் வரத் தாமதமானதால் அம்மாதான் கதவைத் திறந்தார். மோர் கொடுத்தார். பேச்சுவாக்கில், "வீட்டை எடுத்த பிறகு நீங்கள் எங்கே தங்குவீர்கள் அம்மா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. வாடகைக்குப் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மேல்மாடி கட்டி வாடகைக்கு விடுவதாக மகன் சொல்லியிருக்கிறாராம். என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் எதையும் சொல்லவில்லை. நாமாகச் சொல்வது சரியா தப்பா என்று அந்த நேரத்தில் தெரியவில்லை.

அந்த அம்மாவே மகளின் நம்பரைக் கொடுத்தார். வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசினேன். அந்தத் தங்கை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என்னிடம் யாரும் சொல்லவில்லையே அக்கா. எனக்குப் பணம் வேண்டாம். அம்மா இருக்கிற வரைக்கும் அந்த வீட்டை விற்கக் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். குரல் நடுங்கியது. நல்ல பெண்.

மதியம் புரோக்கரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வேறு பார்ட்டி இருப்பதாகச் சொன்னவர், மாலையில் 55-க்கு முடித்துத் தருகிறேன் என்று மறுபடி போன் செய்தார்.


கூடுவாஞ்சேரி_73 | ஞாயிறு, இரவு 9.40

டோக்கன் கொடுக்கச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள் சகோதரி. அந்த அம்மாவை நினைத்தால் மனசு கேட்கவில்லை.


எதிர்க்கடை_பத்திரம் | ஞாயிறு, இரவு 10.05

தங்கையிடம் பேசியதே அந்த அம்மாவுக்குச் செய்த பெரிய உதவி. இனி அந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். அடுத்த வீட்டுக்கு, எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கிரய ஒப்பந்தத்தையும் பதிந்துவிடுங்கள். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அது பதிய வேண்டிய ஆவணம். பலர் முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். தொகை, பாக்கி, கெடு, யார் யார் கையெழுத்துப் போடுவார்கள், பேப்பரில் குறை வந்தால் எத்தனை நாளில் முன்பணம் திரும்பும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முன்பணம் வங்கி வழியாக மட்டும்.


வாசுகி_தாம்பரம் | ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 8.30

மறுபடியும் உங்கள் உதவி வேண்டும்.

ஏப்ரலில் பக்கத்துத் தெருவிலேயே 15,000 வாடகைக்கு மாறிவிட்டோம். இந்தத் தடவை மகள் உயரத்தைச் சுவரில் குறிக்கவில்லை, எங்கள் மர பீரோவின் உள்கதவில் குறித்திருக்கிறாள். ஆர்.டி. இரண்டு மாதம் கட்டியாகிவிட்டது. வாடகை 1,000 கூடியதால் 14,160 போடுகிறோம். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது, இரண்டாவது மாதம் பழகிவிட்டது.

ஊரப்பாக்கத்தில் ஒரு வீடு, 850 சதுர அடி மனை, 41.5 சொல்கிறார்கள். விற்பவர் ஒருவர்தான், அவர் பெயரிலேயே பத்திரம், பட்டா. முழுத் தொகையும் பத்திரத்தில் காட்டச் சம்மதித்துவிட்டார். இஸ்திரிக்காரர், பால்காரர், எதிர்வீட்டுப் பாட்டி மூவரிடமும் கேட்டாயிற்று. 2015-ல் தெருமுனை வரை தண்ணீர் வந்திருக்கிறது, வீட்டுக்குள் வரவில்லை. அளந்தோம், சரியாக இருக்கிறது.

நேற்று இரவு நானே 30 வருட இ.சி. எடுத்துப் படித்தேன். 2006-ல் ஒரு வங்கிக்கு அடமானம் என்று ஒரு பதிவு இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த அடமானத்தைப் பற்றி எதுவுமே இல்லை. விற்பவர் வாங்கியது 2011-ல். இது என்ன அர்த்தம் அண்ணா?


எதிர்க்கடை_பத்திரம் | சனி, இரவு 9.10

நல்ல இடத்தில் கண் வைத்திருக்கிறீர்கள் அம்மா. கடன் அடைந்திருந்தால் வங்கி ரசீதுப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அது இ.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இரண்டில் ஒன்று. பழைய உரிமையாளர் கடனை அடைத்துவிட்டு ரசீதைப் பதியாமல் விட்டிருக்கலாம். இது ரொம்ப சகஜம். அல்லது கடன் இன்னும் நிற்கிறது. ஒரிஜினல் பத்திரமும் தாய்ப்பத்திரமும் விற்பவர் கையில் இருந்தால் முதலாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் ஊகத்தில் விடக் கூடாது.

2006 அடமானப் பத்திரத்துக்கு நகல் மனுப் போடுங்கள். அதில் கடன் தொகையும் வங்கிக் கிளையும் இருக்கும். அந்தக் கிளையில் விற்பவர் எழுத்து மூலம் கேட்டு, கடன் தீர்ந்ததற்குச் சான்று வாங்கி, ரசீதைப் பதிய வேண்டும். செலவு அவருடையது. பதிந்த பிறகு புதிதாக ஒரு இ.சி. எடுத்து எனக்குக் காட்டுங்கள். அதற்கு முன் ஒப்பந்தம் வேண்டாம்.


வாசுகி_தாம்பரம் | சனி, இரவு 9.30

விற்பவரிடம் இப்போதே பேசிவிட்டேன். அவருக்கே இது தெரியாதாம். ஒரிஜினலும் தாய்ப்பத்திரமும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார், நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். திங்கள்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டிருக்கிறேன். காலையில் நகல் மனு, அங்கிருந்து அவரோடு வங்கிக்குப் போகிறேன்.